பழைய சின்ன லேப்டாப்பை இரவும் பகலும் ஓடும் வீட்டு சர்வராக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத லேப்டாப்புகள் பல வீடுகளில் பீரோ மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதை வீட்டு சர்வராக்கலாம், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டே வீட்டுக் கருவிகளுக்கெல்லாம் படம் சேமிப்பது, ஃபைல் பகிர்வது, விளம்பரம் மறிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் கணினியாக. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிராசசர், அவசரத்துக்குத் திரையும் கீபோர்டும், கரண்ட் போனாலும் தாங்கும் பேட்டரி என்று மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும் வீட்டு சர்வரைக் கடையில் வாங்கவே முடியாது.

ஆனால் லேப்டாப் என்பது எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பில் செய்யப்பட்ட பொருள். மூடினால் தூங்கும், பேட்டரியை எப்போதும் முழுதாக நிரப்பி வைக்கும், ஏதாவது தவறினால் திரையில் கேள்வி கேட்டுக் காத்து நிற்கும். ஆளில்லாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டுமென்றால் இந்தப் பழக்கங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். அதிலும் பேட்டரிதான் முக்கியம். நான் அதிக இடம் கொடுத்து எழுதியிருப்பதும் அதற்குத்தான்.

எடுத்துக்காட்டுக்கு திங்க்பேட் எக்ஸ்220-ஐ வைத்துக்கொள்கிறேன். 2011-இல் வந்த 12.5 அங்குல லேப்டாப். அலுவலகங்கள் கழித்த சரக்காக செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு நிறைய வந்தது. கிகாபிட் லேன் போர்ட் உண்டு, பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். உங்களிடம் வேறு மாடல் இருந்தாலும் படிகள் இவைதான்.

எது பொருந்தும், எவ்வளவு செலவாகும்

64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி இருந்தால் போதும். 2008 வாக்கில் வந்த குட்டி நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 போன்ற 32 பிட் பிராசசர்களை இப்போது விட்டுவிடுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக நாம் போடப்போவது டெபியன் என்ற இலவச லினக்ஸ். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலரையே நிறுத்திவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே இருந்தால் அதைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். எக்ஸ்220-க்கு 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதுதான் நுழையும்.

மின்சாரக் கணக்கு பலரையும் பயமுறுத்துகிறது. இந்த அளவு லேப்டாப் திரை அணைந்து சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 10 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 1,440 மணி நேரம், அதாவது 14.4 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று போட்டாலும் 90 ரூபாயைத் தாண்டாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டியே நிற்கிறது என்றால், அந்தக் கோட்டைத் தாண்டும்போது கீழே உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் மாறிவிடும்.

பேட்டரி: எல்லாவற்றுக்கும் முன்னால் இது

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு விஷயங்கள் ஆகாது. ஒன்று, எப்போதும் 100 சதவீதத்தில் நிற்பது. மற்றொன்று, சூடு. சார்ஜரில் மாட்டியபடியே ஓடும் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி ஊதுவது இப்படித்தான்.

அதனால் முதல் வேலையாக லேப்டாப்பைச் சமமான மேசை மேல் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, அழுத்தினால் கிளிக் ஆகாமல் இறுகி இருக்கிறதா? மூடி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளே பதித்த பேட்டரி என்றால் சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். குத்தவோ அமுக்கவோ கூடாது, குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது. மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பேட்டரி இல்லாமல் அடாப்டரில் மட்டும் ஓடும் லேப்டாப்புகள் நிறைய உண்டு, எக்ஸ்220-உம் அப்படித்தான். கரண்ட் போனால் உடனே அணையும், அவ்வளவுதான். ஊதிய பேட்டரியோடு ஓட விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பேட்டரி நன்றாக இருந்தால் சார்ஜ் ஏறும் அளவுக்கு ஒரு வரம்பு வையுங்கள். திங்க்பேடில் இது எளிது. லினக்ஸ் போட்ட பிறகு டிஎல்பி என்ற புரோகிராமை இன்ஸ்டால் செய்து, அதன் செட்டிங் ஃபைலில் பேட்0 என்ற பெயரில் இருக்கும் பேட்டரிக்கான தொடக்க அளவை 55 என்றும் நிறுத்தும் அளவை 60 என்றும் எழுதினால் போதும். 80 என்று வைக்கச் சொல்பவர்கள் உண்டு. லேப்டாப்பை வெளியே தூக்கிக்கொண்டு போகிறவருக்கு அது சரி. ஓரிடத்திலேயே கிடக்கும் கருவிக்கு 60 போதும். சில பழைய ஐடியாபேடுகளில் கன்சர்வேஷன் மோட் 60 சதவீதத்திலேயே நிறுத்திவிடும். ஆசூஸ் லேப்டாப்புகள் பலவற்றில் 60, 80 என்று தேர்வு உண்டு. டெல்லில் பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங்) போய், பெரும்பாலும் கரண்டிலேயே இருக்கும் என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த வசதியும் இல்லாத லேப்டாப்பில் பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து.

பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க லினக்ஸில் ஒரு நேரான வழி இருக்கிறது. சிஸ், கிளாஸ், பவர்_சப்ளை என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போனால் பேட்0 இருக்கும். அதற்குள் எனர்ஜி_ஃபுல், எனர்ஜி_ஃபுல்_டிசைன் என்று இரண்டு ஃபைல்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண். முதலாவது இப்போது பிடிக்கும் அளவு, இரண்டாவது புதிதாக இருந்தபோது பிடித்த அளவு. முதல் எண் இரண்டாவதில் பாதிக்கும் கீழே இருந்தால் பேட்டரி கிழவனாகிவிட்டது. அப்போதும் சில நிமிட மின்வெட்டைத் தாங்க அது உதவும்.

எங்கே வைப்பது

ரவுட்டருக்குப் பக்கத்தில், காற்றோட்டமான, கை எட்டும் இடத்தில். மூடிய அலமாரி, மெத்தை, துணி அடுக்கு, பூஜை விளக்குக்குப் பக்கம் எதுவும் வேண்டாம். காற்று உள்ளே போகும் வழி பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும். நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்து ஒரு விரல் உயரம் தூக்கிவிட்டாலே சூடு நன்றாகக் குறையும். சில மெல்லிய லேப்டாப்புகள் கீபோர்டு வழியாகவும் கீல் பக்கமாகவும் சூட்டை விடும். அவற்றை முழுக்க மூடாமல் கொஞ்சம் திறந்தே வையுங்கள்.

ஓட விடுவதற்கு முன் ஒருமுறை பின்மூடியைத் திறந்து ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடியும் தகடுகளுக்கும் நடுவே ஒட்டடை போலத் தூசி படிந்திருக்கும். ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுங்கள். பத்து வருடப் பழையது என்றால் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். எல்எம்-சென்சார்ஸ் என்ற புரோகிராம் வெப்பநிலையைக் காட்டும். சும்மா இருக்கும்போது 45 முதல் 55 டிகிரி வரை கவலையில்லை. வேலையே இல்லாமல் 70-ஐத் தாண்டினால் காற்று எங்கோ அடைபட்டிருக்கிறது.

அடாப்டரையும் மறக்காதீர்கள். ஆண்டு முழுவதும் மின்சாரத்தில் இருக்கப்போவது அதுதான். ஒயர் உரிந்து டேப் சுற்றிய அடாப்டர், கணக்கில்லாமல் பிளக் சொருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. நல்ல ஸ்பைக் பஸ்டர் வழியாக இணையுங்கள்.

டெபியன் போடுவது

உபுண்டு சர்வரும் நல்லதுதான். இருந்தாலும் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கு டெபியனைத்தான் சொல்வேன்.

முதலில் லேப்டாப்பில் உள்ள படங்கள், ஃபைல்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். டிஸ்க் முழுவதும் அழியும். டெபியனின் நெட்இன்ஸ்ட் இமேஜை (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) இறக்கி, ரூஃபஸ் என்ற புரோகிராம் மூலம் பென் டிரைவில் எழுதுங்கள். லேன் கேபிளை மாட்டிக்கொண்டு பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். டெபியன் 12 முதல் வைஃபை சிப்புகளுக்கான ஃபர்ம்வேரும் இன்ஸ்டாலருக்குள்ளேயே வருவதால் முன்பிருந்த தலைவலி இல்லை.

இன்ஸ்டால் ஆகும்போது மூன்று இடங்களில் நிதானம் வேண்டும். ரூட் பாஸ்வேர்டு கேட்கும்போது காலியாக விடுங்கள், அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் யூசருக்கு சூடோ அதிகாரம் (ரூட் என்ற நிர்வாகி போலக் கட்டளையிடும் உரிமை) தானாகக் கிடைக்கும். டிஸ்க்கைப் பிரிக்கும் இடத்தில் முழு டிஸ்க்கையும் பயன்படுத்தச் சொல்லுங்கள், என்கிரிப்ஷன் வேண்டாம். அதைப் போட்டால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் நீங்கள் நேரில் வந்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருக்கும். கடைசியில் மென்பொருள் பட்டியல் வரும்போது டெஸ்க்டாப் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சர்வர், ஸ்டாண்டர்ட் சிஸ்டம் யூட்டிலிட்டீஸ் இரண்டை மட்டும் விடுங்கள். இனிமேல் இந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார வேண்டாம். வேறு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை அடிக்கும் முறை) வழியாக எல்லாம் செய்யலாம்.

மூடினாலும் தூங்காமல் இருக்க

மூடியை மூடியதும் என்ன செய்வது என்று தீர்மானிப்பது லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்ட். ஈடிசிக்குள் இருக்கும் சிஸ்டம்டி ஃபோல்டரில் லாகின்ட்.கான்ஃப்.டி என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் லிட்.கான்ஃப் என்ற ஃபைலைத் தொடங்குங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் லாகின் என்ற தலைப்பு. அதன் கீழே மூன்று வரிகள்: ஹேண்டில்லிட்ஸ்விட்ச், ஹேண்டில்லிட்ஸ்விட்ச்எக்ஸ்டர்னல்பவர், ஹேண்டில்லிட்ஸ்விட்ச்டாக்ட். மூன்றுக்கும் = குறி போட்டு இக்னோர் என்று எழுதுங்கள். நடுவரியை விட்டுவிடாதீர்கள், சார்ஜர் மாட்டியிருக்கும்போது செல்லுபடியாவது அதுதான்.

மூலக் கான்ஃப் ஃபைலிலேயே திருத்தலாம். ஆனால் தனி ஃபைலாக வைத்தால் அப்டேட்டின்போது குழப்பம் வராது. கூடவே ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட் ஆகிய மூன்று டார்கெட்டுகளையும் சிஸ்டம்சிடிஎல் கட்டளை மூலம் மாஸ்க் செய்து முடக்கிவிட்டால் வேறு எந்தப் புரோகிராமும் அதைத் தூங்க வைக்க முடியாது.

சில மாடல்களில் மூடிய பிறகும் உள்ளே திரை எரிந்துகொண்டே இருக்கும். கீபோர்டில் சூடு ஏறும், கரண்டும் வீண். கிரப் (லினக்ஸை பூட் செய்யும் புரோகிராம்) செட்டிங்கில் லினக்ஸின் மையமான கர்னலுக்குப் போகும் வரியில் கன்சோல்பிளாங்க்=60 என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி ரீபூட் செய்யுங்கள். ஒரு நிமிடத்தில் திரை அணைந்துவிடும்.

கரண்ட் போனால்

இங்கேதான் லேப்டாப் தன் மதிப்பைக் காட்டுகிறது. இன்வெர்ட்டர் மாறும் அந்த ஒரு நொடியில் சில டெஸ்க்டாப்புகள் ரீஸ்டார்ட் ஆகும், லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ரவுட்டருக்கு பேட்டரி இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். வோல்ட் பொருந்துகிறதா, பின் அளவு சரியா என்று ரவுட்டர் அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நீண்ட மின்வெட்டில் பேட்டரி தீர்ந்து பொத்தென்று அணைவது ஃபைல்களுக்கு நல்லதல்ல. முன்பு பார்த்த பேட்0 ஃபோல்டரில் ஸ்டேட்டஸ், கெபாசிட்டி என்று இன்னும் இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஸ்டேட்டஸில் டிஸ்சார்ஜிங் என்று இருந்து, கெபாசிட்டியின் எண் 30-க்குக் கீழே போனால் ஷட்டவுன் செய் என்று நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, ரூட்டின் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) பட்டியலில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி போடுங்கள். 5 அல்லது 10 என்று வைக்காதீர்கள். பழைய பேட்டரிகள் 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டே சட்டென்று கைவிடும்.

அணைந்தது தானாக எழ வேண்டுமே? திங்க்பேடில் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போனால், கான்ஃபிக் பகுதியில் பவர் என்ற தலைப்பின் கீழ் பவர் ஆன் வித் ஏசி அட்டாச் என்று ஒரு வரி இருக்கும். அதை எனேபிள் செய்துவிடுங்கள். கரண்ட் வந்ததும் லேப்டாப் தானாக பூட் ஆகும். வேறு கம்பெனி லேப்டாப்புகளிலும் இதே போன்ற பெயரில் தேடிப் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கி, எண் குறைவதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 30-இல் ஒழுங்காக அணைகிறதா, பிளக்கை மாட்டினால் எழுகிறதா? ஊருக்குப் போயிருக்கும்போது தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நெட்வொர்க்கில் நிரந்தர முகவரி

வைஃபை வேண்டாம், லேன் கேபிள்தான். எக்ஸ்220-இல் போர்ட் உள்ளேயே இருக்கிறது. இல்லாத லேப்டாப்புக்கு யூஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர் வாங்கலாம். கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் போதும். வேகம் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால் கேபிளில் எட்டு ஒயரும் ஒழுங்காக இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரவுட்டரின் போர்ட்டே 100-க்கு மேல் போகாததாகவும் இருக்கலாம்.

ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி எண் கொடுப்பது) பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் இருக்கும். லேப்டாப்பின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் அடையாள எண்ணை, தேர்ந்தெடுத்து 192.168.1.10 போன்ற ஓர் எண்ணை அதற்கென்று ஒதுக்குங்கள். இனி வீட்டில் எல்லாக் கருவிகளும் அதை அந்த எண்ணிலேயே தேடும்.

என்ன வேலை கொடுக்கலாம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். ஒன்றைப் போட்டு ஒரு வாரம் ஓட விட்டு, அப்புறம் அடுத்தது.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் பிடிப்பது பை-ஹோல். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளின் டிஎன்எஸ் கேள்விகளும் (ஓர் இணையதளத்தின் பெயருக்கு எண் முகவரி கேட்பது) இதன் வழியாகப் போகும், விளம்பர முகவரிகளை இது அங்கேயே மறித்துவிடும். டிவியில், போன் கேம்களில் வரும் விளம்பரங்கள் நன்றாகக் குறையும். யூடியூப் விளம்பரம் போகாது, வீடியோ வரும் அதே முகவரிகளிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. ரவுட்டரின் டிஎச்சிபி செட்டிங்கில் டிஎன்எஸ் முகவரியாக லேப்டாப்பின் எண்ணைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது டிஎன்எஸ் என்ற கட்டத்தில் 8.8.8.8 என்ற கூகுள் டிஎன்எஸ் எண்ணைப் போட்டு வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும், பாதி விளம்பரம் அந்த வழியாக நுழைந்துவிடும். அதைக் காலியாக விடுங்கள். அதற்கு ஒரு விலை உண்டு: லேப்டாப் நின்றால் வீட்டில் எல்லோருக்கும் இன்டர்நெட் நின்றது போல இருக்கும். எண்ணை எப்படித் திருப்பி மாற்றுவது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்ற முடியாமல் பூட்டி வைத்திருந்தால், ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு பை-ஹோலையே டிஎச்சிபி சர்வராக்கலாம்.

அடுத்தது போன் படங்கள். 4 ஜிபி ரேமுக்கு இம்மிச் போன்ற பெரிய படத் தொகுப்பு மென்பொருள் பாரம்தான். சிங்க்திங் லேசானது, போனில் எடுத்த படம் வைஃபை கிடைத்ததும் தானாக லேப்டாப்புக்கு வந்துவிடும். அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது, இப்போது சிங்க்திங்-ஃபோர்க்கைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஃபைல் பகிர சாம்பா. சினிமா பார்க்க ஜெல்லிஃபின், ஆனால் எக்ஸ்220-இன் இரண்டாம் தலைமுறை இன்டெல் சிப்புக்கு எச்இவிசி என்ற புதுவகை வீடியோவை ஹார்டுவேரில் கையாளத் தெரியாது. ஃபைலை அப்படியே அனுப்ப, டிவியோ போனோ பிரித்துக்கொள்ளும்படி டைரக்ட் பிளேயில் வைத்தால் இந்தப் பழைய சிப்பே தாராளம்.

வெளி ஹார்ட் டிஸ்க் மாட்டுகிறவர்கள் எஃப்எஸ்டேப் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) ஃபைலில் அதை யூயூஐடி என்ற அடையாள எண்ணோடு எழுதி, நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். அது இல்லையென்றால், டிஸ்க் கழன்றிருக்கும் ஒரு நாளில் லேப்டாப் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்று, மூடிய மூடிக்குள் ஆளுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

வெளியூரிலிருந்து வீட்டுக்குள் வர

ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (இன்டர்நெட்டிலிருந்து லேப்டாப்புக்கு நேராக வழி திறப்பது) செய்யாதீர்கள். திறந்த போர்ட்டை உலகமெங்கும் இருந்து தானியங்கி புரோகிராம்கள் தட்டிக்கொண்டே இருக்கும். பல இணைப்புகளில் அது நடக்கவும் நடக்காது. ரவுட்டரின் வேன் (இன்டர்நெட் பக்கத்து) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள், உங்களுக்கென்று தனிப் பொது முகவரி இல்லை.

டெயில்ஸ்கேல் என்ற புரோகிராம் இரண்டு சிக்கலையும் தீர்க்கிறது. வயர்கார்டு என்ற விபிஎன் முறையை அடிப்படையாகக் கொண்டது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். லேப்டாப்பிலும் போனிலும் போட்டு ஒரே அக்கவுண்ட்டில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும். அதன் டிஎன்எஸ் செட்டிங்கில் பை-ஹோலைக் கொடுத்துவிட்டால் பேருந்தில் போகும்போதும் போனில் விளம்பரம் மறிக்கப்படும்.

எஸ்எஸ்எச்சுக்குச் சாவி உருவாக்கி, அது வேலை செய்வதை உறுதி செய்த பிறகு பாஸ்வேர்டு நுழைவை மூடிவிடுங்கள். வரிசை மாறினால் நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான். அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் போட்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாக ஏறும்.

பேக்கப், பராமரிப்பு

சிங்க்திங் பேக்கப் அல்ல. போனில் ஒரு படத்தை அழித்தால் லேப்டாப்பிலும் அழியும்படிதான் அது வழக்கமாக வேலை செய்யும். லேப்டாப் பக்கத்தில் ஃபைல் வெர்ஷனிங்கை ஆன் செய்யுங்கள். அதற்கு மேல், மாதம் ஒருமுறை ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கை மாட்டி ஆர்சிங்க் மூலம் பிரதி எடுத்து, கழற்றி வேறு அறையில் வையுங்கள். குழந்தைகளின் படங்கள் ஒரே ஒரு பழைய லேப்டாப்பில் மட்டும் இருப்பது எனக்குத் தாங்காது, உங்களுக்கும் தாங்கக் கூடாது.

அதே நாளில் மற்ற சோதனைகளையும் முடித்துவிடலாம். ஸ்மார்ட்சிடிஎல் மூலம் டிஸ்க்கின் உடல்நிலை, டிஎஃப் மூலம் மீதி இடம், சென்சார்ஸ் மூலம் வெப்பநிலை. பிறகு லேப்டாப்பைக் கையில் எடுத்துத் திருப்பி, அடிப்பக்கம் சமமாக இருக்கிறதா, டச்பேட் எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் எஸ்எஸ்எச்சில் பார்க்க முடியாது.